வண்டியை மாற்றாத கணக்கு

தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கிளம்பிவிட்ட நாட்களில் பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் மோட்டார் சைக்கிளை நிமிர்த்திப் பிடித்து ஓட்ட முடியாது. காற்று வரும் தெற்குப் பக்கமாகச் சற்றே சாய்த்துக்கொண்டுதான் போக வேண்டும். எதிரே ஒரு பேருந்து வந்தால், அது நம்மைக் கடக்கிற இரண்டு நொடிகளுக்குக் காற்று மறைந்துபோகும். அது கடந்து முடிந்த கணத்தில், சாய்ந்திருக்கும் நம்மேல் காற்று மறுபடியும் வந்து அறையும். பக்கத்தில் 1914 முதல் நின்ற பழைய ரயில் பாலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைக்கும் ஏற்பாடு இருந்தது. ரயிலுக்கு அப்படியென்றால் 154 கிலோ எடையுள்ள என் வண்டிக்கு எப்படியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆனி மாதப் பிற்பகலில், பின்னால் மனைவியையும் இரண்டு பக்கமும் கருவிப் பைகளையும் ஏற்றிக்கொண்டு அந்தப் பாலத்தைக் கடந்தபோதுதான், இந்தச் சின்ன வண்டி போதாது, பெரிய வண்டி வாங்கியே தீர வேண்டும் என்று முடிவெடுத்தேன். அந்த முடிவு எப்படித் தேய்ந்தது என்பதை, இதே குழப்பத்தில் இருக்கிறவர்களுக்குப் பயன்படும் என்று நம்பி, விரிவாக எழுதுகிறேன்.

நான் ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் இருக்கிறேன். நாட்டுப்படகு என்ஜின்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். படகு பட்டறைக்கு வராது, நான்தான் படகு நிற்கும் இடத்துக்குப் போக வேண்டும். வடக்கே தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, மோர்ப்பண்ணை, காரங்காடு, முள்ளிமுனை, தொண்டி. தெற்கே பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர். கிழக்கே மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம். கிழக்குக் கடற்கரைச் சாலை நல்ல சாலைதான். ஆனால் அந்தச் சாலையிலிருந்து பிரிந்து கடல்வரை போகும் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரில்தான் என் பிழைப்பு இருக்கிறது. அந்தத் தூரம் ஓரிடத்தில் கண்மாய்க்கரையாகவும், ஓரிடத்தில் பனங்காட்டு மணலாகவும், மழைக்காலத்தில் கால் வைத்தால் முழங்கால்வரை இழுக்கும் உளைச்சேறாகவும் இருக்கும். இதற்காகத்தான் 2019-ஆம் ஆண்டு ஹீரோ நிறுவனம் எக்ஸ்பல்ஸ் 200 வண்டியைக் கொண்டுவந்தபோது, மற்றவர்கள் பார்த்துவிட்டு வாங்கட்டும் என்று காத்திராமல் முதலிலேயே வாங்கினேன். தார்ச்சாலைக்கும் மண்தடத்துக்கும் பொதுவாகச் செய்யப்பட்ட, டூயல் ஸ்போர்ட் என்று சொல்லப்படும் வகை அது. முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18 அங்குலம், தரையிலிருந்து வண்டியின் அடிப்பாகம் 220 மில்லிமீட்டர் உயரம், என்ஜின் 199.6 சி.சி., திறன் பதினெட்டுக் குதிரைத்திறனுக்குச் சற்று மேல்.

வாங்கிய நோக்கத்துக்கு அந்த வண்டி ஒரு குறையும் வைக்கவில்லை. குறை என்று நான் உணர்ந்ததெல்லாம் தார்ச்சாலையில்தான். தொண்டியிலிருந்து திரும்பும்போது முன்னால் போகும் மீன் லாரியைத் தாண்ட வேண்டுமானால், இடைவெளி தெரிந்தபின் கியரைக் குறைத்து, என்ஜின் கத்துவதைக் கேட்டுக்கொண்டே, எதிரே வருகிறவனின் விளக்கைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டும். எண்பதுக்கு மேல் போனால் கைப்பிடியில் அதிர்வு ஏறும். இருவர் உட்கார்ந்தால் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் அமுங்கிக் குனியும். நாற்பது வயதைத் தாண்டிய முதுகு இவற்றையெல்லாம் எண்ணிக் குறித்துவைத்துக்கொள்கிறது.

அந்த நேரத்தில் மனைவியின் தம்பி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 வாங்கினான். 2023-ஆம் ஆண்டின் கடைசியில் வந்த வண்டி, 452 சி.சி., நாற்பது குதிரைத்திறன், 196 கிலோ. வாங்கிய சில மாதங்களில் அவனுக்குத் துபாயில் வேலை கிடைத்துவிட, "மச்சான், நான் திரும்பி வர்ற வரைக்கும் நீங்களே ஓட்டிப் பாருங்க, சும்மா நிறுத்தி வச்சா துருப்பிடிச்சுப் போயிரும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். பெரிய வண்டியை விலை கொடுத்து வாங்கிய பிறகுதான் அது நமக்குப் பொருந்துமா என்று பெரும்பாலோர் தெரிந்துகொள்கிறார்கள். எனக்கு வாங்குவதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அமைந்தது.

முதல் வாரமே மனைவியுடன் மதுரைக்குப் போய்வந்தேன். ராமநாதபுரத்திலிருந்து பரமக்குடிவரை இருவழிச் சாலை. அதற்கப்பால் மதுரைவரை நான்குவழிச் சாலை. அந்தப் பயணத்தைப் பற்றிக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. லாரியைத் தாண்டுவது என்பது ஒரு திட்டமாக இல்லாமல், மணிக்கட்டின் சிறு அசைவாக மாறிவிட்டது. நூறில் போகும்போதும் என்ஜினுக்கு மூச்சு மிச்சமிருந்தது. காற்றின் தள்ளலை வண்டியின் எடை வாங்கிக்கொண்டது. அன்றிரவு வீடு திரும்பியபோது பழைய வண்டியை விற்றால் என்ன கிடைக்கும் என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தேன்.

அடுத்த வாரம் மோர்ப்பண்ணையிலிருந்து அழைப்பு வந்தது. கரையில் நிற்கும் படகில் என்ஜின் இயங்குகிறது, ஆனால் ஷாஃப்ட் சுற்றவில்லை என்றார்கள். முந்தைய இரவு மழை பெய்திருந்தது. வெயில் ஏறிவிட்டதால் மேல்மண் வெளுத்துக் காய்ந்ததுபோல் தெரிந்தது. அந்த உவர்நிலத்தின் குணமே அதுதான். மேலே ஒரு விரல் கனத்துக்கு அப்பளம்போல் காய்ந்து, கீழே களியாக இருக்கும். என் சின்ன வண்டியில் நூறு முறையாவது கடந்திருக்கும் அந்த வெளியில், பெரிய வண்டியின் பின்சக்கரம் பாதியில் மேலோட்டை உடைத்து உள்ளே இறங்கியது. ஆக்ஸிலேட்டரைத் திருகத் திருக, நாற்பது குதிரைகளும் சேர்ந்து குழியைத்தான் தோண்டின. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் சேற்றில் உட்கார்ந்தபின் இறங்கிப் பார்த்தேன். வண்டி ஸ்டாண்டு இல்லாமலே நின்றது. தூரத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த நான்கு பேர் வந்து, கட்டையைக் கொடுத்து நெம்பி, கயிறு கட்டி இழுத்து வெளியே எடுத்தார்கள். அவர்களில் மூத்தவர் கையைக் கழுவிக்கொண்டே, "தம்பி, இது ரோட்டுக்குள்ள வண்டி. ஒங்க பழைய வண்டியத்தான் கொண்டாரணும்" என்றார். வண்டியின் மேல் பழியில்லை. அந்த நிலத்தில் அந்த எடையை இறக்கியது என் தவறு.

இரண்டு வண்டிகளிலும் முன்சக்கரம் 21 அங்குலம்தான். அடிப்பாகத்தின் உயரத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. முக்கியமாக வேறுபடுவது 42 கிலோ எடை. 42 கிலோ என்பது ஏறத்தாழ ஒரு சிமென்ட் மூட்டை. தார்ச்சாலையில் அந்த மூட்டையை என்ஜின் தூக்குகிறது. சேற்றிலும் மணலிலும் வண்டி சாய்ந்துவிட்டால் நாம்தான் தூக்க வேண்டும். விழுந்த சின்ன வண்டியை நான் ஒருவனாகவே, வெயிலிலும், பசியிலும், நிமிர்த்தியிருக்கிறேன். பெரிய வண்டியையும் முறையாகப் பிடித்தால் ஒருவரால் நிமிர்த்த முடியும். ஆனால் மூன்றாவது முறை விழுந்தபிறகு முடியுமா என்பதுதான் கேள்வி. தனியாக வேலைக்குப் போகிறவன் அந்த மூன்றாவது முறையை மனத்தில் வைத்துத்தான் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அதன் பிறகுதான் உட்கார்ந்து, எனக்கு உண்மையில் எது குறைகிறது என்று கணக்குப் பார்த்தேன். குதிரைத்திறனில் தொடங்கினேன். வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும், அதாவது வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்கு. அதை எதிர்க்கத் தேவையான திறன் மும்மடியாக ஏறும், அதாவது எட்டு மடங்கு. ஆகவே திறனை இரட்டிப்பாக்கினால் வேகம் இரட்டிப்பாகாது. கால் பங்குதான் கூடும். இது படகுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த உண்மை. என்ஜினை மாற்றிப் பெரியது வைத்தவர் முதல் மாதம் டீசல் கணக்கைப் பார்த்ததும் அதை உணர்ந்துவிடுவார். பெரிய என்ஜின் கொடுப்பது உச்ச வேகத்தை அல்ல, கையிருப்பை. அந்தக் கையிருப்பு எனக்கு எங்கே தேவைப்படுகிறது என்று பார்த்தால், எதிர்காற்றில். கச்சான் காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து சாயல்குடிப் பக்கம், அதாவது தென்மேற்காகப் போகும்போது, மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று எதிரே அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி 80-இல் போனாலும் உடம்பில் மோதும் காற்று 110. காற்றை மட்டும் சமாளிக்கத் தேவைப்படும் திறன், காற்றில்லாத நாளில் தேவைப்படுவதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதே காற்றில் வேகத்தை 65-க்குக் குறைத்துக்கொண்டால், காற்றில்லாத நாளில் 80-இல் போவதற்குத் தேவையான அளவை ஒட்டியே வந்துவிடும். சாயல்குடி வேலைக்கு அரைமணி நேரம் முன்னதாகக் கிளம்பினால் அந்தக் கையிருப்பு எனக்குத் தேவையே இல்லை. என் வருடத்தில் அப்படிப்பட்ட காற்று நான்கு மாதம். அந்தத் திசையில் நான் போவது வாரத்தில் ஒரு நாள். இதற்காகவா மூன்று லட்சம்?

இந்த இடத்தில் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அதிர்வைக் குறைக்க செயின் ஓடும் பல்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டில் 13 பல்லுக்குப் பதிலாக 14 பல் வைத்தேன். ஒரே வேகத்தில் என்ஜின் சுற்றுவது ஏழு சதவீதம் குறைந்தது. காற்றில்லாத காலையில் வண்டி இதமாக ஓடியது. ஆனால் கச்சான் எதிர்த்தபோது ஐந்தாம் கியர் நிற்கவில்லை. நான்காம் கியரில் ஓட்டினால் முன்பைவிட அதிகச் சுற்று. மணலில் முதல் கியரே வேகமாகிவிட்டதால் கிளட்சை அரைகுறையாகப் பிடித்துப் பிடித்து அதன் தட்டு கருகும் வாசனை வந்தது. படகில் தேவைக்கு மேல் பிட்ச் (ஒரு சுற்றுக்கு நீரில் முன்னேறும் தூரம்) உள்ள புரொப்பல்லரைப் போட்டால் என்ஜின் திணறிக் கரும்புகை தள்ளும். அதை வாரம் ஒருவருக்காவது விளக்கிச் சொல்லும் நான், என் சொந்த வண்டியில் அதையே செய்திருந்தேன். பத்தே நாளில் பழைய 13 பல்லுக்குத் திரும்பினேன். சிறிய என்ஜினுக்கு அதைச் செய்தவர்கள் வைத்த பல்கணக்கை மாற்றுவதற்கு முன், நம் ஊர்க் காற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உண்மையான குறை, குலுக்கலை வாங்கிக்கொள்ளும் சஸ்பென்ஷனில் இருந்தது. அதுவும் வண்டியின் குறையல்ல, என் எடையின் குறை. நான் 84 கிலோ. கருவிகள் 18 கிலோ. ஒரு வண்டியின் ஸ்ப்ரிங் யாரையோ ஒரு நடுத்தர எடைக்காரரை நினைத்து வைக்கப்படுகிறது. அது நமக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஓர் எளிய அளவை இருக்கிறது. பெரிய வண்டிக்குப் பணம் சேர்க்கத் தொடங்கும் ஒவ்வொருவரும் முதலில் இதைச் செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள். வண்டியைத் தூக்கிப் பிடித்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய்களான ஃபோர்க்கின் நீளத்தை டேப்பில் அளக்க வேண்டும். பிறகு வழக்கமான சுமையோடு ஏறி உட்கார்ந்து, இன்னொருவரை விட்டு மறுபடி அளக்கச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ஃபோர்க் அசையக்கூடிய மொத்தத் தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருப்பது நல்லது. என் வண்டியில் முன்பக்கம் மொத்தம் 190 மில்லிமீட்டர். அறுபதை ஒட்டி அமர வேண்டியது, என் மகன் டேப்பைப் பிடித்து வாசித்தபோது 85-ஐக் காட்டியது. அதாவது பள்ளம் வருவதற்கு முன்பே கிட்டத்தட்டப் பாதியை நான் உட்கார்ந்தே தின்றுவிட்டிருந்தேன். பிரேக் பிடித்தால் குனிந்ததும், பாலத்தின் இணைப்புகளில் மணிக்கட்டு அடி வாங்கியதும், காற்றில் முன்பக்கம் மிதப்பதுபோல் தோன்றியதும், பெரும்பாலும் இதன் பிள்ளைகள்.

கடினமான ஃபோர்க் ஸ்ப்ரிங்குகளை வாங்கி ஓர் ஊரில் ஒரு கடையில் மாட்டக் கொடுத்தேன். ஃபோர்க்கின் இரண்டு கால்களிலும் வெவ்வேறு அளவில் எண்ணெய் ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். பிரேக் பிடித்தால் கைப்பிடி ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டது. வீட்டில் நானே பிரித்து, ஸ்ப்ரிங்கை வெளியே எடுத்து, கால்களை முழுக்க அமுக்கிவைத்து, மேல்விளிம்பிலிருந்து எண்ணெய் எவ்வளவு கீழே நிற்கிறது என்று இரண்டிலும் ஒரே அளவாக வைத்தபின் எல்லாம் சரியானது. எண்ணெயை ஊற்றும் அளவைவிட, உள்ளே நிற்கும் மட்டம்தான் முக்கியம். அதற்கு மேலிருக்கும் காற்றும் ஒரு ஸ்ப்ரிங்கைப்போலவே வேலை செய்கிறது. பின் ஷாக்குக்கும் கனமான ஸ்ப்ரிங் ஒன்றைத் தேடிப் போட்டேன். இந்த வண்டிக்கு நிறுவனமே 2020-ஆம் ஆண்டு ரேலி கிட் என்று ஒன்றை வெளியிட்டது. முன்பக்க அசைவு 250 மில்லிமீட்டர், பின்பக்கம் 220. ஆசை வந்தது. ஆனால் அதைப் போட்டால் இருக்கை உயர்ந்துவிடும், என் கால் முழுதாகத் தரையில் ஊன்றாது. மணலில் கால் ஊன்ற முடியாதவனுக்கு நீளமான சஸ்பென்ஷன் ஒரு நன்மையும் செய்யாது. இருக்கிற உயரத்தையே ஒழுங்காகப் பயன்படுத்துவது போதும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு முதன்முறையாகப் பாம்பன் பாலத்தைக் கடந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. காற்று அதே காற்றுதான், எடையும் அதேதான். ஆனால் பேருந்து கடந்தபின் வரும் அறைக்கு வண்டி ஒருமுறை அசைந்து நின்றுகொண்டது. முன்போல் இரண்டு மூன்று முறை தலையாட்டவில்லை.

டயரைப் பற்றி எழுதும்போது எங்கள் மாவட்டத்தின் சீமைக்கருவேலத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இங்கே பலருக்குக் கரிமூட்டத்தில் சோறு போடும் மரம் அது. டயருக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. ஆணி குத்தினால் காற்று மெதுவாக இறங்கும், ஆணியும் கண்ணில் படும். கருவேல முள் உள்ளே போனபின் முனை ஒடிந்து ரப்பருக்குள்ளேயே தங்கிவிடும். டியூபை ஒட்டி மாட்டிக்கொண்டு நான்கு கிலோமீட்டர் போனால் அதே முனை மறுபடி குத்தும். டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி, ஒவ்வொரு முனையையும் குறட்டால் பிடுங்கிய பிறகே டியூபை வைக்க வேண்டும் என்பதை மூன்று பஞ்சர் கொடுத்த பிறகு கற்றேன். இப்போது தடித்த டியூபும், கட்டை கட்டையாகப் பூ வெட்டிய டயரும் போட்டிருக்கிறேன். தார்ச்சாலையில் அந்த டயர் சத்தம் போடும், மழையில் சற்றுக் கவனம் வேண்டும், தேய்வதும் வேகம்தான். எனினும் முள்ளைத் தடுக்க அந்தக் கட்டைகளின் கனம் உதவுகிறது. கருவிப் பையில் எப்போதும் 21 அங்குல டியூப் ஒன்று இருக்கும். வழியில் இருக்கும் பஞ்சர் கடைகளில் 18 அங்குல டியூப் கிடைத்துவிடும், 21 கிடைக்காது. அவசரத்துக்கு 21 அங்குல டியூபைப் பின்சக்கரத்தில் சற்று மடித்துத் திணித்து வீடு வந்து சேரலாம், 18-ஐ முன்சக்கரத்துக்கு இழுக்க முடியாது. பெரிய வண்டிக்கு மாறினாலும் முள் என்னை விட்டுவிடாது. எடை கூடிய சக்கரத்தைத் தனியாளாகக் கழற்றி மாட்டும் வேலைதான் கூடும்.

மணலில் இறங்குவதற்கு முன் முன்சக்கரத்தில் 18 பி.எஸ்.ஐ., பின்சக்கரத்தில் 20 பி.எஸ்.ஐ. என்று காற்றை இறக்கிவிடுகிறேன். டயர் அகன்று பரவி மிதிக்கும்போது ஐந்து குதிரைத்திறன் கூடியதுபோல் இருக்கிறது. இதைவிட மலிவான மேம்பாடு எதுவும் இல்லை. தார்ச்சாலைக்கு ஏறியதும் மறக்காமல் கைப்பம்பால் நிரப்ப வேண்டும்; இல்லையென்றால் டயர் விளிம்பில் வழுக்கி டியூபின் வால்வு கிழிந்துவிடும்.

இங்கே தனுஷ்கோடியைப் பற்றி ஒரு வார்த்தை. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு அரைநூற்றாண்டுக்கும் மேலாக அங்கே மணலில்தான் வேன்கள் ஓடின. 2017-இல் அரிச்சல்முனைவரை தார்ச்சாலை வந்துவிட்டது. வெளியூர்களிலிருந்து பெரிய வண்டிகளில் வரும் இளைஞர்கள் சிலர், சாலை முடிந்ததும் கடற்கரை மணலில் இறக்கி ஓட்டிப் பார்க்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தை, மாசி மாதங்களில் அந்த மணலில்தான் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. வனத்துறையினர் விடியுமுன் நடந்து நடந்து அந்த முட்டைகளைச் சேகரிக்கிறார்கள். மண்தடத்துக்கான வண்டி வைத்திருப்பது எல்லா மண்ணிலும் இறங்குவதற்கான உரிமை ஆகாது. நான் போவது படகுக்குப் போகும் வழக்கமான தடங்களில் மட்டும்.

உப்பு இன்னொரு பெரிய செலவு. கடற்கரையில் நிற்கும் வண்டியில் முதலில் ஸ்போக்ஸ் கம்பிகளின் முனை வெளுக்கும், பிறகு செயின், பிறகு கண்ணுக்குத் தெரியாத ஒயர் இணைப்புகள். கழுவினால் சரியாகும் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டு ஆழ்குழாயில் வருவதே உப்புத் தண்ணீர். அதால் கழுவுவது உப்புக்கு மேல் உப்பு பூசுவதாகும். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் தண்ணீரைக் குடத்தில் பிடித்துவைத்து, அதில் ஒரு குடத்தை வண்டிக்குக் கொடுப்பதென்றால் வீட்டில் ஒப்புதல் வேண்டும். ஆகவே ஈரத்துணியால் துடைத்து, ஒவ்வொரு ஒயர் இணைப்பையும் பிரித்து கிரீஸ் வைத்து மூடி, ஸ்போக்ஸ்களில் மாதம் ஒருமுறை எண்ணெய் தடவுகிறேன். என் சின்ன வண்டியில் இந்த வேலை முக்கால் மணி நேரம். பெரிய வண்டியில் ரேடியேட்டர் இருக்கிறது, அதன் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கிடையே உப்பும் தூசியும் அடையும். மின்னணுப் பொருட்களும் இணைப்புகளும் அதிகம். மைத்துனன் வண்டியை ஒரு வருடம் அப்படிப் பராமரித்துக் கொடுத்தேன். நேரம் இரண்டு மடங்கு, ஒரு குடம் இரண்டு குடமானது. எங்கள் ஊரில் அது சின்ன விஷயம் அல்ல.

என்ஜினைக் குடைந்து பெரிய பிஸ்டன் போடலாமே என்று தொழில் தெரிந்த நண்பர்களே கேட்டார்கள். மாட்டேன் என்று சொன்னேன். சிலிண்டரைப் பெரிதாக்கினால் சூடு கூடும், கிராங்க் பேரிங் அந்தச் சுமைக்காகச் செய்யப்பட்டதல்ல. அதைவிட முக்கியம், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. தயாரிப்பாளர் குறித்த அடிப்படை அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. ஆர்.சி. புத்தகத்தில் ஒன்றும் வண்டியில் வேறொன்றும் இருந்தால், விபத்து நேர்ந்த நாளில் காப்பீட்டுக்காரரிடம் நிற்க வாய் இருக்காது. தேய்ந்ததை மாற்றுவது, எடைக்கேற்ற ஸ்ப்ரிங் போடுவது, டயர், அடித்தகடு, இருக்கை ஆகியவற்றோடு என் மேம்பாடு முடிகிறது.

இருக்கையைச் சொன்னவர் என் மனைவி. மதுரைப் பயணத்தின் மகிழ்ச்சியில் நான் என்ஜினைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "என்ஜின் எனக்குத் தெரியாதுங்க. அந்த வண்டியில சீட்டு அகலம், காலு வைக்கிற எடம் தோதா இருந்துச்சு. நம்ம வண்டி சீட்டு பலகை மாதிரி இறுகிப் போச்சு, அத மாத்துனாலே போதும்." ஐந்து வருடமாக என்னோடு அந்தப் பலகையில் உட்கார்ந்து வந்தவரின் சொல் அது. ராமநாதபுரத்தில் சீட் தைத்துக் கொடுப்பவரிடம் பழைய ஸ்பாஞ்சை எடுத்துவிட்டுப் புதிய கெட்டியான ஸ்பாஞ்ச் வைத்து, பின்பக்கம் இரண்டு விரல் அகலம் கூட்டித் தைத்தோம். கூலியோடு இரண்டாயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. நான் செய்ததிலெல்லாம் வீட்டில் பாராட்டுப் பெற்றது இது ஒன்றுதான்.

மொத்தச் செலவு ஸ்ப்ரிங்குகள், எண்ணெய், டயர்கள், டியூபுகள், அடித்தகடு, இருக்கை எல்லாம் சேர்த்து இரண்டு வருடத்தில் முப்பதாயிரத்துக்குள். பெரிய வண்டி சாலைக்கு வர மூன்று லட்சத்துக்கு மேல். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி.-க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதமாகிவிட்டது, அதற்குட்பட்டவற்றுக்கு 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இடைவெளி இன்னும் அகன்றிருக்கிறது. இடைப்பட்ட வழியும் ஒன்று உண்டு. 2025-இல் வந்த எக்ஸ்பல்ஸ் 210-இல் ஆறு கியர், தண்ணீரால் குளிரும் என்ஜின், இருபத்துநான்கு குதிரைத்திறன். இன்று புதிதாக வாங்குபவனாக இருந்தால் நான் அதைத்தான் பார்ப்பேன். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை விற்றுவிட்டு அதற்கு மாறும் அளவுக்கு எனக்குக் காரணம் போதவில்லை.

பெரிய வண்டி யாருக்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் நண்பர் ஒருவர் தொண்டியில் இருந்துகொண்டு மாதம் இரண்டு முறை சென்னைக்கு வண்டியிலேயே போய்வருகிறார். அவருக்கு நான் ஸ்ப்ரிங் மாற்றச் சொல்ல மாட்டேன். நாள் முழுக்க நூறை ஒட்டி ஓட வேண்டிய வேலையைச் சிறிய என்ஜினிடம் கேட்பது அதை வதைப்பதுதான். தாண்டும்போது கையிருப்பு இல்லாதது அங்கே உயிர் சம்பந்தப்பட்டது. வண்டி ஓடும் கிலோமீட்டர்களை ஒரு மாதம் குறித்துவையுங்கள் என்று கேட்கிறவர்களிடம் சொல்கிறேன்: எவ்வளவு தார், எவ்வளவு மண், எத்தனை முறை இருவர், எத்தனை முறை லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம் என்று. நான் குறித்த மாதத்தில் ஓட்டியது 1,640 கிலோமீட்டர். அதில் எண்பதுக்கு மேல் போக விரும்பியும் முடியாமல்போன தூரம் 120-கூட இல்லை. மண்ணில் ஓடியது 210-தான். ஆனால் அந்த 210 இல்லாமல் மீதி 1,430-க்கு வேலையே இல்லை.

மைத்துனன் சென்ற மாதம் விடுப்பில் வந்து வண்டியை எடுத்துக்கொண்டான். சங்கிலியையும் ரேடியேட்டரையும் குனிந்து பார்த்துவிட்டு, "மச்சான், ஒங்களுக்கு வேணும்னா வச்சுக்கங்க, காசு மெதுவா குடுங்க" என்றான். வாலிநோக்கத்துக்குப் போக வேண்டியிருந்ததால் அதிகம் பேசாமல் சாவியை அவன் கையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். என் வண்டி 61,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. கைப்பிடியை நேராக வைக்கும்போது நடுவில் ஒரு சின்ன இடறல் தெரிகிறது; கைப்பிடி திரும்பும் பேரிங்கான கோன் செட்டில் பள்ளம் விழுந்திருக்கிறது. கச்சான் தொடங்குவதற்குள் அதை மாற்றிவிட வேண்டும்.